மூன்று துளைக் காகிதம்

மயிலாப்பூர் குளத்துக்கு வடக்கே ஒரு சந்தில் வைரவன் மளிகைக் கடை இருந்தது. பெயர்தான் வைரவன் கடை. பருப்பு, புளி வாங்க வந்தவர்கள் அவனிடம் பேசுவார்கள். மற்றவர்கள் அவன் தோளைத் தாண்டி உள்ளே எட்டிப் பார்த்து, "அக்கா இல்லியா?" என்பார்கள். இந்த மற்றவர்கள் கூட்டம்தான் எப்போதும் அதிகம். அவர்கள் தேடி வந்த அக்கா வைரவனின் மனைவி தங்கபுஷ்பம். அவளிடம் புத்தகம் இருந்தது.

அவள் சாத்தான்குளத்துப் பக்கத்துப் பெண். எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றது. அறுபதாம் வருஷ வாக்கில் கல்யாணமாகி மெட்ராசுக்கு வந்ததும் கடையில் அவளுக்குக் கொடுத்த முதல் வேலை காகிதம் கிழிப்பது. சுற்று வட்டாரத்து வீடுகளில் வாரப் பத்திரிகைகளைப் படித்து முடித்ததும் கடையில் எடைக்குப் போடுவார்கள். அவற்றின் கம்பியைப் பிடுங்கி, தாள் தாளாகப் பிரித்து, பொட்டலம் கட்டத் தோதாக அடுக்கி வைக்க வேண்டும். புதுப்பெண் முதல் நாள் ஒழுங்காகத்தான் செய்தாள். மறுநாள் கைக்கு வந்த தாளில் ஒருத்தி கைக்குழந்தையோடு ரயிலடியில் நின்றாள். ரயில் புறப்பட்டுவிட்டது. மிச்சம் அடுத்த வாரம் என்று போட்டிருந்தது. அடுத்த வாரம் அந்தக் குவியலுக்குள்தானே எங்கேயோ கிடக்க வேண்டும்? தங்கபுஷ்பம் குவியலைக் கலைத்தாள். சாயங்காலம் கடையில் சாமான் வாங்க வந்தவர்கள் காத்துக்கொண்டு நிற்க, வைரவன் பதறிப்போய் உள்ளே வந்தான்.

"காகிதம் எங்க?"

"கொஞ்சம் பொறுங்க. இவ ஊருக்குப் போய்ச் சேந்தாளான்னு பாத்துட்டுத் தாரேன்."

அன்றைக்கு வைரவன் சீரகத்தை வாங்க வந்தவர்களின் முந்தானையில் கொட்டி அனுப்பினான். வேறு ஒருவனாக இருந்தால் கத்தியிருப்பான். இவன் ராத்திரி சாப்பிடும்போது, "சேந்தாளா?" என்று கேட்டான். அந்த ஒரு கேள்விக்காகவே அவனோடு ஒரு ஜன்மம் குடும்பம் நடத்தலாம் என்று தங்கபுஷ்பத்துக்கு அப்போது தோன்றியது.

அதற்குப் பிறகு தொடர்கதைத் தாள்கள் பொட்டலத்துக்குப் போகவில்லை. வாரம் வாரமாகச் சேர்த்து வரிசைப்படுத்தி, ஒரு கதை முழுசாகத் தேறியதும் அவளே தைத்துவிடுவாள். பைண்டிங் கடைக்குக் கொடுப்பதெல்லாம் கிடையாது. கோணி ஊசி இருக்கிறது, சணல் இருக்கிறது, மைதா இருக்கிறது. மைதாவோடு மயில்துத்தம் போட்டுக் காய்ச்சினால் அந்தப் பசைக்குப் பூச்சி அண்டாது. சோப்பு வந்த அட்டைப்பெட்டிதான் அட்டை. வைரவனின் பழைய வேட்டிதான் முதுகுத் துணி. கோணி ஊசி தடிமன் என்பதால் அவள் தைத்த ஒவ்வொரு தாளிலும் ஓரத்தில் மூன்று பெரிய துளை விழும். உளுந்தே உள்ளே போய்விடும் போலத் துளை. அழகு என்று சொல்ல முடியாது. ஆனால் பிய்த்தாலும் பிரியாது.

புத்தகங்கள் பெருகின. வைரவன் சோப்புப் பெட்டிப் பலகைகளை அடித்து, கடைக்குப் பின்னறையில் சுவரோடு சுவராக அடுக்கு செய்து கொடுத்தான். கொடுத்த கையோடு ஒரு வாக்கும் கொடுத்தான்.

"இதுல இருக்கிற ஒரு தாளைக்கூட யாரும் தொட மாட்டாங்க. நான் இருக்கிற வரைக்கும் தொட மாட்டாங்க."

யாரும் அவனிடம் கேட்கவில்லை. அவனாகத்தான் சொன்னான். இதை ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும்.

படிக்கக் கேட்டு ஆட்கள் வர ஆரம்பித்ததும் தங்கபுஷ்பம் ஒரு வழக்கம் வைத்தாள். வாடகை கிடையாது. படித்து முடித்த பத்திரிகை ஒன்றைக் கொண்டுவந்து போட்டுவிட்டு ஒரு புத்தகம் எடுத்துப் போகலாம். அவள் கதையைப் பிரித்து எடுத்துக்கொண்டு, சமையல் குறிப்பையும் கூந்தல் தைல விளம்பரத்தையும் பொட்டலத்துக்குத் தந்துவிடுவாள். கடைக்கும் நஷ்டமில்லை. அப்பளம் பொரித்த கையோடு புத்தகத்தைத் தொட்டவர்களை மட்டும் அவள் சும்மா விடமாட்டாள். ஹைகோர்ட் வக்கீல் வீட்டு அம்மாளையே, "இது புஸ்தகமா, வடிதட்டா?" என்று கேட்டவள்.

வடக்கு மாடவீதி ரகுபதி, சர்க்கார் ஆபீசில் இருந்து ரிடையர் ஆனவர், முதலில் இதைக் கேட்டுச் சிரித்தார். தான் கன்னிமாரா லைப்ரரியில் மெம்பர் என்றும், மளிகைக் கடையில் புஸ்தகம் எடுக்கிற காலம் வந்துவிட்டதா என்றும் பேசினார். அவர் சிரித்து ஒரு மாசம் ஆகியிருக்காது. கடைவாசலில் வந்து நின்று தொண்டையைச் செருமினார்.

"தங்கம்மா, எங்காத்துல மூணு வருஷத்துக்கு முந்தி ஒரு கதை வாரா வாரம் படிச்சிண்டிருந்தா. ஆத்துக்காரி அதைத் திரும்பப் படிக்கணும்ங்கறா. பத்திரிகை எல்லாத்தையும் எடைக்குப் போட்டுட்டோம்."

"எந்தக் கடையில போட்டீங்க சார்?"

"இங்கதான்."

தங்கபுஷ்பம் உள்ளே போய் ஒரு புத்தகத்தை எடுத்து வந்து கொடுத்தாள். முதல் தாளின் மேல் மூலையில் பத்திரிகை போடுகிற பையன் கிறுக்கிய ரகுபதியின் வீட்டு நம்பரே இருந்தது. அவர் அதைப் பார்த்துவிட்டு வாங்கிப் போனார். அதன் பிறகு கன்னிமாராப் பேச்சு அவர் வாயில் வரவில்லை.

அந்த அடுக்கிலேயே அதிகம் வெளியே போன புத்தகம் விசாலத்தின் கதை. தலைப்புப் பக்கம் கிடைக்காததால் எல்லோருக்கும் அது விசாலத்தின் கதைதான். புருஷன் ரங்கூனுக்குப் போகிறான். கடிதம் நின்றுபோகிறது. விசாலம் அப்பளம் இட்டு விற்று, கடன்காரர்களைச் சமாளித்து, தனியாளாக ஒரு வீட்டைக் கட்டுகிறாள். கடைசியில் ஒரு மழை நாளில் கதவு தட்டப்படுகிறது. "விசாலம், நான்தான் வந்திருக்கேன்" என்று குரல் கேட்கிறது. அந்த இடத்துக்கு வரும்போது மயிலாப்பூரில் எத்தனை வீட்டில் பால் பொங்கி அடுப்பு அணைந்ததோ தெரியாது.

கால்வாய்க்கரைக் குடிசையிலிருந்து புளிக்குக் கொட்டை எடுக்க வரும் முத்தம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. அவள் கொட்டை எடுக்க எடுக்க, தங்கபுஷ்பம் பக்கத்தில் அரிசியைப் புடைத்துக்கொண்டே அந்தக் கதையை மத்தியானங்களில் வாசித்துக் காட்டினாள். எழுபத்துநான்காம் வருஷம் பங்குனியில் கதை கதவு தட்டும் இடத்துக்கு வந்து நின்றது. கடைசி அத்தியாயம் மட்டும் பாக்கி.

"தொறக்கிறாளா இன்னா? அத்த மட்டும் சொல்லிட்டுப் போ அக்கா."

"திறப்பா திறப்பா. அடையாத்துல என் தங்கச்சிக்குப் பிள்ளை பிறந்திருக்கு. பாத்துட்டு வந்து படிக்கேன்."

அந்தச் சமயத்தில் ஊர் முழுக்கக் காகிதத் தட்டுப்பாடு. பத்திரிகைகள் மெலிந்து பாதியாகிவிட்டன. எடைக்குப் போடுவாரும் குறைந்து போனார்கள். கோயிலில் பங்குனித் திருவிழா. அறுபத்துமூவர் உலா வரும் அன்றைக்கு மயிலாப்பூரில் காலை ஊன்ற இடம் இருக்காது. தெருவுக்குத் தெரு பானகமும் சுண்டலும் கொடுப்பார்கள். வெல்லம், சுக்கு, கடலை என்று கடையில் வியாபாரம் பிய்த்துக்கொண்டு போகும். தம்பிக்கு ஒத்தாசையாக இருக்கட்டும் என்று தூத்துக்குடியிலிருந்து அண்ணன் கனகராஜ் வந்திருந்தார். கடைக்கு முதல் போட்டவர் அவர்தான். அவர் பேச்சுக்கு வைரவன் மறுபேச்சுப் பேசியதே கிடையாது.

தங்கபுஷ்பம் அடையாற்றில் ஒரு ராத்திரி தங்கிவிட்டு, அறுபத்துமூவர் அன்று சாயங்காலம் திரும்பினாள். லஸ் முனையிலேயே பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள். கூட்டத்தில் நெருக்கியடித்து நடந்து வந்தவளுக்கு ஒரு பந்தலில் சுண்டலை மடித்துக் கொடுத்தார்கள். நல்ல பசி. இரண்டு வாய் போட்டுக்கொண்ட பிறகுதான் விரலில் ஏதோ தட்டுப்பட்டது. காகிதத்தின் ஓரத்தில் துளை. விரலை நகர்த்தினாள். இன்னொரு துளை. அப்புறம் ஒன்று. சுண்டலைக் கையில் கொட்டிக்கொண்டு தாளை விரித்தாள். 'விசாலம் திரியைத் தூண்டிவிட்டாள்' என்று அதில் இருந்தது.

சுற்றிலும் பார்த்தாள். யார் கையைப் பார்த்தாலும் சுண்டல். யார் கையைப் பார்த்தாலும் காகிதம். ஒரு குழந்தை அதைக் கசக்கிக் கீழே போட்டது. குனிந்து எடுத்தாள். அதிலும் மூன்று துளை.

கடைக்கு வந்து பின்னறையைப் பார்த்தாள். மேல் இரண்டு பலகைகள் காலி. கீழே சணலும் அட்டையும் உரித்த தோல் போலக் கிடந்தன. கனகராஜ் கல்லாவில் உட்கார்ந்திருந்தார். வைரவன் தராசைத் துடைத்துக்கொண்டிருந்தான். துடைத்ததையே துடைத்தான். தலை நிமிரவில்லை.

"காகிதம் தீந்து போச்சு தங்கம்," என்றார் கனகராஜ். குரலில் சண்டைக்கு வரும் தோரணை ஒன்றும் இல்லை. "இவ்வளவு கூட்டத்தை வச்சுக்கிட்டு யாவாரத்தை நிறுத்தச் சொல்லுதியா? எடைக்கு வந்த காகிதம். எடை போட்ட சாமானோட, சுண்டல் பந்தலுக்கும் சேத்துப் போயிருக்கு. இதுல என்ன இருக்கு?"

"கல்லாவுல இருக்கிற நோட்டும் காகிதம்தான் பெரியத்தான். அதுல கடலை மடிப்பியளா?"

அவள் அவருக்கு எதிர்ப்பேச்சுப் பேசியது அதுதான் முதல் தடவை. கனகராஜுக்கு முகம் சிவந்துவிட்டது.

"சித்திரையில புதுப்புளி வருது. மூட்டை அடுக்க இடம் பத்தாதுன்னு இவன்தான் எழுதினான். அந்த அடுக்கை எடுத்துட்டா அம்பது மூட்டை நிக்கும். நானே லாரியோட வாரேன். வரும்போது அறை காலியா இருக்கணும்."

"வாங்க. அடுக்கு அங்கனேதான் இருக்கும்," என்றாள் தங்கபுஷ்பம்.

அவர் மறுநாள் ரயிலேறிப் போனார். தங்கபுஷ்பம் அழவில்லை. அழுதால் தாள் திரும்பி வந்துவிடுமா? ஆனால் வைரவனோடு பேச்சை நிறுத்திவிட்டாள். புத்தகத்தைக் கிழித்தவர் மேல் வந்த கோபம்கூட ஆறிவிடும். வாக்குக் கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொண்டு நின்றானே, அதுதான் அவளுக்கு ஆறவில்லை. "முத்தம்மா, அவரைச் சாப்பிடச் சொல்லு" என்பாள். வைரவன் இரண்டு முழ தூரத்தில் நின்றுகொண்டிருப்பான். முத்தம்மா புளியங்கையோடு திரும்பி, "துன்னச் சொல்லுது உன்னே" என்பாள்.

ஒரு பெரிய முறத்தை எடுத்துத் தராசுக்குப் பக்கத்தில் வைத்தாள் தங்கபுஷ்பம். சாமான் வாங்க வந்த ஒவ்வொருவரிடமும் சொன்னாள்.

"திருவிழா அன்னிக்கு நம்ம கடையில வாங்கின பொட்டலத்தைப் பிரிச்சாச்சா? காகிதத்துல மூணு துளை இருந்தா இதுல கொண்டாந்து போடுங்க."

அவள் சொல்லி முடிக்கும் முன்பே தாள்கள் வர ஆரம்பித்திருந்தன. ஏனென்றால் மயிலாப்பூரில் ஒரு பழக்கம் உண்டு. பொட்டலத்தைப் பிரித்துச் சாமானை டப்பாவில் கொட்டியதும் காகிதத்தைத் தூக்கி எறிய மாட்டார்கள். நீவிவிட்டு, நின்ற வாக்கிலேயே இரண்டு பக்கமும் படிப்பார்கள். அடுப்பில் குழம்பு கொதித்தாலும் சரி, வாசலில் ஆள் நின்றாலும் சரி. அப்படிப் படித்தவர்கள் திடுக்கிட்டுப் போனார்கள். இது நாம் படித்த கதை ஆச்சே, இது தங்கபுஷ்பம் துளை ஆச்சே என்று.

முதலில் வந்தவள் ஹாஜிரா பீ. பஜார் ரோடில் ஜாக்கெட் தைத்துக் கொடுப்பவள். கடையிலிருக்கும் துப்பறியும் கதை ஒன்று விடாமல் படித்தவள். ஒரு சின்னக் கற்றைத் தாளை முறத்தில் வைத்தாள்.

"எங்க வூட்டுக்கு வந்தது நாலுதான் தங்கம். மீதி பக்கத்து வூடுங்கள்ல கேட்டு வாங்கியாந்தேன். சோம்பு கட்டினது, அதான் வாசனை."

ரகுபதி வந்தார். சட்டைப்பைக்குள்ளிருந்து பத்திரமாக எடுத்துக் கொடுத்தார். "வெல்லம் ஒட்டிண்டுடுத்தும்மா. ஆத்துக்காரி ஈரத்துணியால ஒத்தி எடுத்தா. எழுத்து ஒண்ணும் போகலை." பந்தல் போட்டுச் சுண்டல் கொடுத்தவர்கள் மிஞ்சிய தாள்களைக் கட்டாகவே கொண்டுவந்து போட்டார்கள். மஞ்சள் பூசிய தாள், எண்ணெயில் கண்ணாடியான தாள், மிளகாய்ப்பொடி மடித்த தாள். மிளகாய்த் தாளை உதறி அடுக்கும்போது தங்கபுஷ்பமும் முத்தம்மாவும் தும்மிய தும்மலில் சந்தே கலகலத்தது.

இதற்குள் வைரவன் ஒரு காரியம் செய்துகொண்டிருந்தான். மத்தியானம் கடையில் கூட்டம் ஓய்ந்ததும் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவான். எங்கே போகிறான் என்று யாரிடமும் சொல்லவில்லை. ஒரு நாள் மந்தைவெளி, ஒரு நாள் சாந்தோம். பழகிய வாடிக்கைக்காரர் வீட்டுக் கதவையெல்லாம் தட்டி, "அன்னைக்கு வாங்கின பொட்டலக் காகிதம் இருக்குங்களா?" என்று கேட்டிருக்கிறான். பருப்பில் கல் கிடந்ததோ, ஏதோ ஆகிவிட்டதோ என்று சில பேர் பயந்துகூடப் போனார்களாம். சாந்தோமில் ஒரு மீனவர் வீட்டில் மாதா படத்துக்குக் கீழே அலமாரியில் விரித்திருந்த தாளை எடுத்துக் கொடுத்தார்கள். பதிலுக்கு அவன் வேறு காகிதம் மடித்து விரித்துவிட்டு வந்தான். சாயங்காலம் திரும்பி வந்து, முறத்தில் தாள்களைப் போடுவான். தங்கபுஷ்பம் பார்க்காதது போலப் பார்ப்பாள். நெஞ்சு இளகத்தான் செய்தது. ஆனாலும் பேசவில்லை. காகிதம் பொறுக்கினால் போதுமா? அண்ணன் வந்து நிற்கும்போது அல்லவா தெரியும்?

எல்லாம் வந்து சேர்ந்துவிட்டது என்று சொல்ல முடியாது. வெளியூர்க் கூட்டத்தோடு போனது போனதுதான். சில புத்தகங்கள் நொண்டியாகிவிட்டன. விசாலத்தின் கதை மட்டும் ஆச்சரியமாகத் தேறிவிட்டது. படித்தவர்கள் அதிகம் என்பதால் தேடியவர்களும் அதிகம். ஒரே ஒரு தாள்தான் வரவில்லை. கடைசித் தாள்.

"காகிதம் வந்தா வருது, வராங்காட்டி போவுது," என்றாள் முத்தம்மா. "நீ படிச்சதுதானே? வாயால சொல்லு. தொறந்தாளா, இல்லியா?"

"திறந்தா. திறந்து அவனை நாலு வார்த்தை நல்லாக் கேட்டா. அப்புறம் சோறு போட்டா."

கடையில் நின்ற ஹாஜிரா பீ திரும்பினாள். "இன்னா தங்கம் நீ? அவ எங்க தொறந்தா? தொறக்கவே இல்ல."

"நன்னாருக்கே," என்றார் பக்கத்தில் நின்ற ரகுபதி. "அவ அந்த ஆத்தையே காலி பண்ணிண்டு போயிட்டாளே. வந்தவன் பூட்டின கதவைத்தானே தட்டினான்?"

மூன்று பேரும் சத்தியம் பண்ணாத குறை. அதற்கப்புறம் வந்தவர்களையெல்லாம் கேட்டார்கள். ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். வந்தவன் புருஷனே இல்லை, வேறு ஆள் என்று ஒரு டீச்சர் சொன்னாள். விசாலம் செத்துப் போனாள் என்று ஒருவர் சொல்ல, முத்தம்மா அவரை அடிக்காத குறையாகப் பார்த்தாள். எல்லோரும் படித்தவர்கள். யாரும் பொய் சொல்லவில்லை. தங்கபுஷ்பம் அன்று அடுப்படியில் உட்கார்ந்து கடைசித் தாளை மனசுக்குள் கொண்டுவரப் பார்த்தாள். வலது பக்கம் பல்பொடி விளம்பரம் வந்தது. படத்தில் மழைக் கோடு வந்தது. விசாலத்தின் கை தாழ்ப்பாளில் இருந்ததா, இல்லையா? நாலு தடவை படித்த அவளுக்கே இப்போது நிச்சயமில்லை. பலகை காலியானபோது வராத பயம் அவளுக்கு அப்போது வந்தது. ஒரு தாள் போனதற்கே இத்தனை விசாலம் முளைத்துவிட்டார்களே. மொத்த அடுக்கும் போனால்?

சித்திரை பிறந்தது. லாரி வந்து சந்து முனையில் நின்றது. கூலிக்காரர்கள் புளி மூட்டையைத் தோளில் ஏற்றிக்கொண்டு வர, முன்னால் கனகராஜ் வந்தார். கடையைத் தாண்டி நேரே பின்னறைக்கு நடந்தார். அடுக்கு நிறையப் புத்தகம். தங்கபுஷ்பம் அரிசி புடைத்துக்கொண்டிருந்த சுளகை வைத்துவிட்டு எழுந்தாள். அவள் வாயைத் திறப்பதற்குள் வைரவன் குறுக்கே வந்து அடுக்குக்கு முன்னால் நின்றுகொண்டான். 

"அண்ணே, மூட்டையை நடையில போடுவோம். இல்லன்னா என் கட்டிலை எடுத்துட்டு அங்கன போடுவோம். இதைத் தொடாதீய. நான் வாக்குக் குடுத்திருக்கேன்."

கூலிக்காரன் மூட்டையோடு நின்றான். முத்தம்மா கொட்டை எடுப்பதை நிறுத்தினாள். கனகராஜ் தம்பியை ஏற இறங்கப் பார்த்தார்.

"நான் எங்கல தொட்டேன்? தள்ளு அங்கிட்டு. நான் தங்கத்துக்கிட்ட ஒண்ணு கேக்கணும்."

சட்டைப்பையில் கையை விட்டு ஒரு காகிதத்தை எடுத்தார். மடித்து மடித்து மடிப்பெல்லாம் நைந்து, வெற்றிலைச் சாறு படிந்திருந்தது. ஓரத்தில் மூன்று துளை.

"ரயிலுக்குப் போகும்போது பாக்கு மடிச்சுக்கிட்டுப் போனது. விழுப்புரம் தாண்டினதும் பாக்கைப் போட்டுட்டு, பொழுது போகலியேன்னு படிச்சேன். அதுலேருந்து எனக்கு மனசே சரியில்ல. யாரு இந்த விசாலம்? புருஷன்காரன் மழையில நின்னு கூப்பிடுதான். இவ உள்ள நின்னுக்கிட்டு விளக்கை எடுத்து ஜன்னல்ல வைக்கா, அவனுக்குத் திரும்பிப் போக வழி தெரியட்டும்னு. கதவைத் திறக்கல. என்ன பொம்பளை அவ? நெஞ்சுல ஈரம் இருக்கா? ஊருல யாருகிட்ட கேட்டாலும் எனக்குத் தெரியாதுங்கான்."

தங்கபுஷ்பம் கையை நீட்டினாள். அவர் தயங்கித் தயங்கித்தான் கொடுத்தார். அவள் படித்தாள். பல்பொடி விளம்பரம் இடது பக்கம் இருந்தது. மழைக் கோடு இருந்தது. விசாலத்தின் கை தாழ்ப்பாளில் இல்லை, விளக்கில் இருந்தது. கதவு மூடியே கிடந்தது.

திறந்தாள் என்று இத்தனை வருஷம் நம்பியிருந்தோமே என்று நினைத்தபோது அவளுக்கு வெட்கமாகக்கூட இல்லை. திறக்க வேண்டும் என்று அவள் ஆசைப்பட்டிருக்கிறாள். மனசு அந்த ஆசைக்குத் தகுந்தபடி கதையைத் திருத்திக்கொண்டுவிட்டது. காகிதம் திருத்திக்கொள்ளவில்லை. பாக்கு மடித்தபோதும் அது எழுதியிருந்ததையேதான் வைத்திருந்தது.

"தொறக்கலியா?" என்றாள் முத்தம்மா.

"திறக்கல."

"நல்ல வேலை செஞ்சா," என்று முத்தம்மா மறுபடி கொட்டை எடுக்க ஆரம்பித்தாள்.

"என்ன நல்ல வேலை?" என்று கனகராஜ் அவள் மேல் பாய்ந்தார்.

தங்கபுஷ்பம் அடுக்கிலிருந்து விசாலத்தின் கதையை எடுத்தாள். மஞ்சளும் சோம்பும் மணத்தன. கடைசித் தாளை அதற்குள் வைத்து அவரிடம் நீட்டினாள்.

"முடிவு மட்டும் தெரிஞ்சவுங்க நீங்க ஒருத்தர்தான் பெரியத்தான். மொதல்லேருந்து படிங்க. அப்புறம் திட்டுங்க."

கனகராஜ் நடையில் இறக்கிய புளி மூட்டை ஒன்றின் மேல் உட்கார்ந்தார். எழுத்துக் கூட்டித்தான் படித்தார். கூலிக்காரர்கள், "மீதி மூட்டைங்கள எங்க போடறது நைனா?" என்று கேட்டதற்கு, தலையைத் தூக்காமல், "இங்கனயே போடு, எங்கயாவது போடு," என்றார். சாப்பாட்டுக்குக் கூப்பிட்டால் இதோ வாரேன் என்றார். மறுநாளும் அதே மூட்டை மேல்தான் இருந்தார். ரங்கூன்காரன் கடிதத்தை நிறுத்திய இடத்தில், "படுபாவி" என்று அவர் வாய்விட்டுச் சொன்னது கடைவாசல் வரைக்கும் கேட்டது. சாயங்காலம் புத்தகத்தை முடித்து மூடினார். பிறகு கொண்டுவந்து தங்கபுஷ்பத்திடம் கொடுத்தார். விசாலத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"வெல்ல மூட்டையை இந்த அடுக்குப் பக்கம் போடாதீய. எறும்பு ஏறிரும்," என்றார். "அந்தக் கடைசித் தாளை நல்லாத் தச்சு வை."

தங்கபுஷ்பம் கோணி ஊசியில் சணல் கோத்து, பழைய துளைகளிலேயே நுழைத்துத் தைத்தாள். வைரவன் எதிரே நின்று புத்தகத்தின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டான்.

"நீங்க சாப்பிட வாங்க," என்றாள் அவனைப் பார்த்து. முத்தம்மா பக்கத்தில்தான் இருந்தாள். அவள் அன்றைக்குத் தேவைப்படவில்லை.

ஊருக்குத் திரும்பும் நாளில் கனகராஜ் பையோடு வந்து அடுக்கு முன்னால் நின்றார். ரயிலுக்கு ஒன்று எடுத்துப் போகலாமா என்று கேட்டார்.

"எடுங்க. பழைய பத்திரிகை ஒண்ணு போட்டுட்டு எடுங்க."

"எனக்குமா?"

"எல்லாருக்கும் அதான் வழக்கம்."

கடைக்கு முதல் போட்டவர் மறுபேச்சில்லாமல் இறங்கிப் போய், சந்து முனைக் கடையில் அந்த வாரப் பத்திரிகை ஒன்றை வாங்கி வந்து முறத்தில் போட்டார். தங்கபுஷ்பம் அதை எடுத்துப் பார்த்துவிட்டு அவரிடமே திருப்பிக் கொடுத்தாள்.

"இது புதுசு. படிச்சிட்டுப் போடுங்க."

வாசலில் ரிக்‌ஷாக்காரன் மணி அடித்தான். ரயிலுக்கு நேரமாயிற்று என்று வைரவன் இரண்டு தடவை கூப்பிட்டான். கனகராஜ் பையைக் கீழே வைத்துவிட்டு, புளி மூட்டை மேல் உட்கார்ந்து முதல் பக்கத்தைப் பிரித்தார்.